கொதிகலனும் சான்றிதழும்: அமெரிக்க நீராவிக் கப்பல் ஆய்வாளர் பணியின் வரலாறு

அரசு நியமித்த ஆய்வாளர் ஒருவர் தனியாருக்குச் சொந்தமான கப்பலுக்குள் நுழைந்து, அதன் கொதிகலனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உயிர்காப்புப் படகுகளை எண்ணி, குறை கண்டால் கப்பலைத் துறையிலேயே நிறுத்தி வைக்கும் அதிகாரம் இன்று எந்த நாட்டிலும் வியப்புக்குரியதன்று. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி அரசுக்கு அத்தகைய அதிகாரம் உண்டு என்பதையே பலர் ஏற்கவில்லை. அஞ்சல், சுங்கம், படை, பொதுநில விற்பனை ஆகியவற்றுக்கு அப்பால் அவ்வரசு குடிமக்களின் தொழிலில் தலையிடுவது அரிதாக இருந்த காலம் அது. தனியார் தொழிலொன்றைப் பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக அவ்வரசு ஒழுங்குபடுத்தத் தொடங்கியது நீராவிக் கொதிகலனிலிருந்துதான் என்று வரலாற்றாசிரியர் ஜான் பர்க் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். அவருக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் அக்கருத்தையே பின்பற்றியுள்ளனர்.

ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு 1807-இல் நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே ஆல்பனிக்குச் சென்றது முதல் ஒரு தலைமுறைக்குள் நாட்டின் உள்நாட்டுப் போக்குவரத்தே மாறிவிட்டது. கிழக்குக் கரையோரப் படகுகளில் பெரும்பாலும் குறைந்த அழுத்த எந்திரங்கள் இயங்கின; மிசிசிப்பி, ஒஹாயோ முதலிய மேற்கத்திய ஆறுகளிலோ எடை குறைந்ததும் விலை மலிவானதும் ஆழமற்ற நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வல்லதுமான உயரழுத்த எந்திரமே பொருத்தமாகக் கருதப்பட்டது. அதற்கேற்ற விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கொதிகலனுக்குள் பாய்ச்சப்பட்ட ஆற்றுநீரில் கலந்திருந்த வண்டல் அடியில் படிந்து, தகட்டுக்கும் நீருக்கும் இடையே திரைபோல் நின்றதால் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி வலுவிழந்தது. நீர்மட்டம் தாழ்ந்தபோதும் இதுவே நேர்ந்தது. கலனுக்குள் அழுத்தம் மிகும்போது தானாகத் திறந்து ஆவியை வெளியேற்றும் அமைப்பான பாதுகாப்பு வால்வின்மீது கூடுதல் எடையை ஏற்றி அதைத் திறக்கவிடாமல் செய்யும் வழக்கம், போட்டிப் படகை முந்தும் ஆசையுடைய படகுத் தலைவர்களிடையே பரவலாக இருந்தது. 1816-இல் ஒஹாயோ ஆற்றில் 'வாஷிங்டன்' என்னும் படகின் கொதிகலன் வெடித்ததிலிருந்து 1848 வரையிலான காலத்தில் 230-க்கு மேற்பட்ட வெடிப்புகள் நேர்ந்து 2,500-க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது காப்புரிமை ஆணையர் அலுவலகம் தொகுத்த கணக்கிலிருந்து தெரியவருகிறது.

தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற சட்டக் கேள்வி ஒருபுறமிருக்க, கொதிகலன் ஏன் வெடிக்கிறது என்பதே அன்று தெளிவாகவில்லை. நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாகி வெடிக்கிறது என்று நம்பியவர்களும் இருந்தனர். பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் அலெக்சாண்டர் டாலஸ் பாஷ் தலைமையில் 1830-களின் முற்பாதியில் நடத்திய சோதனைகள் இந்த வாயுக் கொள்கையைத் தகர்த்ததோடு, அழுத்தம் படிப்படியாக உயர்வதும் தகடு வலுவிழப்பதுமே போதிய காரணங்கள் என்று காட்டின. கூட்டாட்சிக் கருவூலம் தொழில்நுட்ப ஆராய்ச்சி ஒன்றுக்குப் பணம் வழங்கிய முதல் நிகழ்வாக இதனைக் கருதுவர். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகி எச்சரிக்க வேண்டிய உலோகக் கலவை அடைப்பு, அழுத்தத்துக்கு உட்படும்போது அதன் எளிதில் உருகும் கூறு முதலிலேயே பிதுங்கி வெளியேறிவிட, எஞ்சிய கூறு எதிர்பார்த்த வெப்பத்தில் உருகாமல் நின்றுவிடுகிறது என்பதும் அச்சோதனைகளில் தெரிந்தது. பின்னர் 1852-இல் இயற்றப்பட்ட சட்டம் அதே வகை அடைப்பைக் கட்டாயமாக்கியதைப் பார்க்கும்போது, ஆராய்ச்சியின் முடிவுகள் சட்டமன்றத்தைச் சென்றடைந்த விதம் குறித்து ஐயம் எழாமல் போகாது.

1838 ஏப்ரலில் சின்சினாட்டி நகரின் கரையோரத்தில் 'மோசெல்' வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்ததும், ஜூன் மாதம் வட கரோலினாக் கடற்பரப்பில் 'புலாஸ்கி' வெடித்து மூழ்கியதும் நெடுநாள் தயக்கத்தை உடைத்தன. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் நீர்வழிப் போக்குவரத்தும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் 1824-இலேயே தீர்ப்பளித்திருந்தமையால் அரசியலமைப்பு வழி முன்னரே திறந்திருந்தது. 1838 ஜூலை 7-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி நியமிக்கும் ஆய்வாளர் கப்பலின் உடலை ஆண்டுக்கு ஒருமுறையும் கொதிகலனை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். தீயில் எரிந்துபோகும் சுக்கான் கயிறுகளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியோ சங்கிலியோ பூட்டுதல், தீயணைப்புப் பம்பு வைத்திருத்தல், படகு நின்றிருக்கும்போது பாதுகாப்பு வால்வைத் திறந்து வைத்தல் முதலியனவும் விதிக்கப்பட்டன. கொதிகலன் வெடித்தால் அதுவே கவனக்குறைவுக்கு முதல்நிலைச் சான்றாகக் கொள்ளப்படும் என்ற விதி, அக்காலச் சட்ட மரபில் துணிச்சலானது.

எனினும் ஆய்வாளரைப் பொறுத்தவரை அச்சட்டம் பெயரளவில் நின்றது. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஐந்து டாலர் கட்டணம், அதைக் கொடுப்பவரோ கப்பல் உரிமையாளர். எப்படிச் சோதிப்பது, எந்தத் தகடு போதுமானது, எந்த அழுத்தம் வரம்பு என்பன பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. எந்திரப் பணியாளர் 'திறமையும் அனுபவமும்' உள்ளவராக இருக்க வேண்டும் என்றதேயன்றி, அத்திறமையைத் தேர்வு செய்து உரிமம் வழங்க ஏற்பாடு இல்லை. படகைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்ட ஆய்வாளரையும், தொட்டுத் தட்டித் திறந்து பார்த்த ஆய்வாளரையும் சட்டம் ஒரே தட்டில் வைத்தது. கண்டிப்பானவரை விட்டுவிட்டு இணக்கமானவரை நாடும் வாய்ப்பு உரிமையாளருக்கு இருந்தபோது, நல்ல ஆய்வாளர் தம் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்பவர் ஆனார். சட்டத்துக்குப் பிறகும் வெடிப்புகள் ஓயவில்லை.

1850-களின் தொடக்கத்தில் நிலைமை பொறுக்க முடியாத அளவை எட்டியது. சிகாகோவைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் கத்ரி மேற்கத்திய ஆறுகளில் சுமார் இருநூறு படகுகளைத் தாமே முன்வந்து பார்வையிட்டு, வரைபடங்களும் குறிப்புகளும் கொண்டு வாஷிங்டனில் சட்டத் திருத்தத்துக்காகப் பேசினார். மாசச்சூசெட்ஸ் செனட்டர் ஜான் டேவிஸ் அதனைச் சட்டமுன்வடிவாக நடத்திச் சென்றார். 1852 ஜூலையில் ஹட்சன் ஆற்றில் 'ஹென்றி கிளே' தீப்பற்றி எரிந்தது. ஆகஸ்ட் 20-இல் ஈரி ஏரியில் 'அட்லாண்டிக்' மோதி மூழ்கியது. ஆகஸ்ட் 30-இல் சட்டம் நிறைவேறியது. தேதிகளின் இந்த நெருக்கமே, வாதத்தைவிடச் சாவு எண்ணிக்கை எவ்வளவு விரைவாகச் சட்டமன்றத்தை அசைத்தது என்பதைக் காட்டுகிறது.

ஆய்வாளர் என்னும் பதவி ஒரு தொழிலாக உருப்பெற்றது இந்த 1852 சட்டத்தில்தான். குடியரசுத் தலைவர் செனட்டின் இசைவோடு ஒன்பது மேற்பார்வை ஆய்வாளர்களை நியமித்தார். அவர்களின் கீழ் ஒவ்வொரு முக்கியத் துறைமுகத்திலும் இருவர் கொண்ட உள்ளூர்க் குழு இருந்தது. அவ்விருவருள் ஒருவர் கப்பல் உடலையும் மற்றவர் கொதிகலனையும் அறிந்தவர். இருவருக்கும் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தது. உரிமையாளர் செலுத்திய கட்டணம் ஆய்வாளரின் கைக்குச் செல்லாமல் கருவூலத்துக்குச் சென்றதே இம்மாற்றத்தின் உயிர்நாடி. சட்டம் இப்போது அளவுகளில் பேசியது. 42 அங்குல விட்டமும் கால் அங்குலத் தகடும் கொண்ட கொதிகலன் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு அழுத்தம் வரை இயங்கலாம். அதற்கு மேல் எந்தக் கலனுக்கும் அனுமதி இல்லை. கலன் முழுவதையும் நீரால் நிரப்பிப் பம்பினால் அழுத்தி, இயங்கும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கைத் தாங்குகிறதா என்று பார்க்கும் நீரழுத்தச் சோதனை கட்டாயமாயிற்று. ஆவி அழுத்தத்தில் உடையும் கலன் ஆட்களைக் கொல்லும். நீர் அதிகம் சுருங்காத பொருளாதலால் நீரழுத்தத்தில் உடையும் கலன் விரிசல்விட்டுக் கசிவதோடு நிற்கும் என்பதே இச்சோதனையின் எளிய அடிப்படை. எந்திரப் பொறியாளர்களுக்கும் படகோட்டும் வழிகாட்டிகளுக்கும் தேர்வு நடத்தி உரிமம் வழங்குவதும், விபத்துக்குப் பின் சாட்சிகளை அழைத்து உறுதிமொழியின்பேரில் விசாரித்து உரிமத்தைப் பறிப்பதும் இதே ஆய்வாளர்களின் கடமைகளாயின. இவ்வாறு ஆய்வாளர் சோதிப்பவராகவும் தேர்வாளராகவும் ஓரளவு நீதிபதியாகவும் ஆனார்.

அன்றாடப் பணி அழுக்கும் வியர்வையும் நிறைந்தது. நெருப்பு அணைக்கப்பட்டு ஆறிய கொதிகலனின் ஆள்புகு துளை வழியே விளக்கோடு உள்ளே ஊர்ந்து, துருவும் படிவும் சுரண்டி, சிறு சுத்தியலால் தகட்டையும் தறையாணிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி ஒலியைக் கேட்பது கொதிகலன் ஆய்வாளரின் அடிப்படைத் திறன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த தகடோ தளர்ந்த ஆணியோ மந்தமாக ஒலிக்கும். ஐயம் எழுந்த இடத்தில் சிறு துளையிட்டுத் தகட்டின் தடிப்பை அளந்தனர். உடல் ஆய்வாளர் மரக்கலங்களில் உளுத்துப்போன பலகையைத் தேடினார். படகு, மிதவை, பம்பு, குழாய் ஆகியவற்றை எண்ணினார். இத்திறன்கள் நூலால் வருவனவல்ல. ஆகவே கப்பலிலோ கொதிகலன் பட்டறையிலோ பல்லாண்டு உழைத்தவர்களே இப்பதவிக்கு வந்தனர். அதன் மறுபக்கமாக, தாம் சோதிக்க வேண்டிய கப்பல்களின் பொறியாளர்களும் முதலாளிகளும் அவர்களுக்குப் பழைய தோழர்களாகவே இருந்தனர். இந்தப் பிணைப்பு இல்லாமல் திறமை இல்லை, பிணைப்பு இருந்தால் நடுநிலைக்கு இடர் என்ற முரண் இப்பதவியை ஒருபோதும் விட்டு நீங்கவில்லை.

வெடிப்புச் சாவுகள் 1852-க்குப் பின் கணிசமாகக் குறைந்தன. ஆனால் நாட்டின் மிகக் கொடிய நீர்வழி விபத்து இச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே நேர்ந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து சிறை மீண்ட வட படையினரை ஏற்றிக்கொண்டு விக்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே சென்ற 'சுல்தானா', 1865 ஏப்ரல் 27 அதிகாலையில் மெம்பிஸ் நகருக்குச் சற்று மேலே வெடித்தது. 376 பேருக்கு அனுமதி பெற்றிருந்த அப்படகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்; இறந்தோர் தொகையை 1,100-க்கு மேல் என்பது முதல் 1,800 வரை பலவாறு கணக்கிடுவர். அம்மாதத்திலேயே செயின்ட் லூயிசில் ஆய்வாளர்களின் சான்றிதழைப் பெற்ற படகு அது. விக்ஸ்பர்க்கில் கசிவு கண்டபோது, பழைய தகட்டைவிட மெல்லிய ஒட்டு ஒன்று அவசரமாக அடிக்கப்பட்டதும், அதற்கேற்ப அழுத்தம் குறைக்கப்படாததும் பின்னர் மேற்பார்வை ஆய்வாளர் நடத்திய விசாரணையில் தெரிந்தன. சான்றிதழ் பொய்யன்று, அது எழுதப்பட்ட நாளில் மெய்யாகவே இருந்தது. ஒரு நாளின் நிலையைக் கூறும் தாள் ஓராண்டுக்கான உறுதியாகக் கொள்ளப்படும்போது, இடையில் ஒட்டப்படும் தகட்டுக்கும் ஏறும் கூட்டத்துக்கும் யார் பொறுப்பு என்பதை 1852 சட்டம் தெளிவாக வகுக்கவில்லை.

1871 பிப்ரவரி 28-இல் இயற்றப்பட்ட சட்டம் சிதறிக் கிடந்த ஆய்வாளர்களைக் கருவூலத் துறையின் கீழ் 'நீராவிப் படகு ஆய்வுப் பணி' என்ற ஒரே அமைப்பாக்கி, அதற்குத் தலைமை மேற்பார்வை ஆய்வாளர் ஒருவரை அமர்த்தியது. கப்பல் தலைவர்களும் துணைத் தலைவர்களும் உரிமம் பெற வேண்டியவர்களாயினர். 1903-இல் இப்பணி புதிதாகத் தோன்றிய வணிக, தொழிலாளர் துறைக்கு மாற்றப்பட்டது. மாற்றம் நிகழ்ந்து ஓராண்டு கழிவதற்குள் அதன் நற்பெயர் முழுவதும் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் கருகிப்போனது.

'ஜெனரல் ஸ்லோகம்' 1891-இல் கட்டப்பட்ட உல்லாசப் பயண நீராவிக் கப்பல். 1904 ஜூன் 15 அன்று புனித மாற்கு லூத்தரன் தேவாலயத்தைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஆண்டுச் சுற்றுலாவுக்காக அதில் புறப்பட்டனர். முன்பக்க அறையொன்றில் பற்றிய தீயை அணைக்க விரித்த குழாய், பம்பின் அழுத்தம் ஏறியவுடன் வெடித்துக் கிழிந்தது. உயிர்காப்புப் படகுகள் அவற்றின் இடத்தில் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. தக்கை நிரப்பிய உயிர்காப்புக் கச்சைகள் கப்பல் கட்டப்பட்ட காலத்திலிருந்து தளத்தின் கூரையடியில் தொங்கி மட்கியிருந்ததால், கையில் எடுத்தவுடன் துணி கிழிந்து தக்கைத் தூள் கொட்டியது. அவற்றை அணிந்து குதித்த குழந்தைகள் மிதக்கவில்லை. 1,021 பேர் இறந்தனர். மே 5-இல், அதாவது ஆறு வாரங்களுக்குள், இதே கப்பல் ஆய்வு செய்யப்பட்டு, அதன் கச்சைகளும் குழாய்களும் நல்ல நிலையில் உள்ளன என்று சான்றளிக்கப்பட்டிருந்தது.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அமர்த்திய ஆணையம் அவ்வாண்டு அக்டோபரில் அளித்த அறிக்கையின்பேரில் நியூயார்க் வட்டாரத்தின் மேற்பார்வை ஆய்வாளரும் உள்ளூர் ஆய்வாளர்கள் இருவரும் பதவி நீக்கப்பட்டனர். கப்பலைப் பார்த்த உதவி ஆய்வாளர் மும்முறை வழக்கில் நிறுத்தப்பட்டும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் தண்டனை பெறவில்லை. கப்பல் தலைவர் வில்லியம் வான் ஷைக் மட்டும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, மூன்றரை ஆண்டுகள் சிறையில் கழித்தபின் 1911-இல் விடுவிக்கப்பட்டு, 1912-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட்டின் மன்னிப்பைப் பெற்றார். உரிமையாளர் நிறுவனத்தார் எவரும் சிறை செல்லவில்லை. இதில் தலைவரைவிட ஆய்வுமுறையே பெரிய குற்றவாளி என்று கருதுவதற்கு இடமுண்டு. கொதிகலனுக்கென ஐம்பதாண்டுகளாகச் சீர்ப்படுத்தப்பட்ட சோதனை முறைகள் இருந்தன. ஸ்லோகத்தின் கொதிகலன்களும் அன்று எந்தத் தீங்கும் செய்யவில்லை. கச்சைகளுக்கோ எண்ணிக்கை ஒன்றே சோதனையாக இருந்தது. 2,500 கச்சைகள் இருக்க வேண்டும், இருந்தன. அவை மிதக்குமா என்று நீரில் போட்டுப் பார்த்தவர் இல்லை. வெடிப்பைத் தேடப் பழகிய கண்கள் மட்கலைப் பார்க்கவில்லை.

அதைத் தொடர்ந்து வெளியான செய்தி ஒன்று இதைவிடக் கசப்பானது. ஒவ்வொரு கச்சையிலும் ஆறு பவுண்டு நல்ல தக்கை இருக்க வேண்டும் என்ற விதியை எடை அளவில் நிறைவேற்ற, தக்கைப் பாளங்களுக்குள் இரும்புத் துண்டுகளைப் புகுத்தி விற்ற நிறுவனம் ஒன்று அகப்பட்டது. குறையுள்ள உயிர்காப்புக் கருவிகளை அறிந்தே செய்வதும் விற்பதும் குற்றம் என்று 1905-இல் சட்டம் வந்தது.

கருவிகளைப் பெருக்குவதே பாதுகாப்பு என்ற எண்ணம் 'டைட்டானிக்' 1912-இல் மூழ்கியபின் மேலும் வலுத்தது. செனட்டர் லா ஃபொலெட்டின் பெயரால் அறியப்படும் 1915 மாலுமிகள் சட்டம், பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயிர்காப்புப் படகுகளை உயர்த்தக் கோரியது. மேல்பாரம் மிகுந்த ஏரிக் கப்பல்களில் இவ்வெடையை ஏற்றினால் சில கவிழ்ந்துவிடும் என்று அத்தொழிலைச் சார்ந்தவர்கள் எச்சரித்திருந்தனர். சிகாகோவின் 'ஈஸ்ட்லேண்ட்' முன்பே சாய்வதற்குப் பெயர்போன கப்பல். அதன் மேல்தளத்தில் புதிய படகுகளும் மிதவைகளும் 1915 ஜூலையில் ஏற்றப்பட்டன. அவை ஏறியதைக் காரணமாகக் கொண்டே அதன் பயணிகள் வரம்பும் 2,500 ஆக உயர்த்தப்பட்டது. அம்மாதம் 24-ஆம் நாள் காலை, தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குப் புறப்பட இருந்த அக்கப்பல் கரையில் கட்டியிருந்தபடியே சிகாகோ ஆற்றில் ஒருக்களித்து விழ, 844 பேர் இறந்தனர். சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரும் இயல்பை, அதாவது நிலைத்தன்மையை, சோதிக்கும் கடமை எதுவும் ஆய்வாளர்களுக்குச் சட்டத்தில் விதிக்கப்படவில்லை. அவர்கள் படகுகளை எண்ணினார்கள், தளப்பரப்பை அளந்தார்கள், வரம்பை எழுதினார்கள். கடமையைச் செய்ததன் விளைவாகவே ஆபத்து கூடிய அரிய நிகழ்வு இது.

அடுத்த திருப்பத்துக்கு 1934 செப்டம்பரில் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் எரிந்த 'மோரோ காசில்' காரணமாயிற்று. நான்கே ஆண்டு பழமையான அந்தச் சொகுசுக் கப்பலின் மரப்பூச்சுச் சுவர்கள் தீக்கு இரையாகி 137 பேர் மாண்டபின், பழைய ஆய்வுப் பணியின் வாரிசாக 1936-இல் கடல்சார் ஆய்வு, கப்பல் போக்குவரத்து அலுவலகம் அமைந்தது. கட்டி முடித்த கப்பலில் குறை தேடுவதை விட்டு, கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் தீத்தடுப்புச் சுவரையும் நிலைத்தன்மையையும் கணக்கிட்டு ஒப்புதல் தரும் தொழில்நுட்பப் பிரிவு இக்காலத்ததே. சுத்தியலோடு கணக்கு ஏடும் ஆய்வாளரின் கருவியாயிற்று. போர்க்காலத் தேவையால் 1942-இல் தற்காலிகமாகக் கடலோரக் காவற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட இப்பணி 1946-இல் அதற்கே நிலையாக உரியதாயிற்று. பல்லாண்டு ஒரே துறைமுகத்தில் ஊன்றியிருந்த குடிமுறை ஆய்வாளரின் இடத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறும் சீருடை அதிகாரி வந்தார். பழைய தோழமையின் இடர் குறைந்தது. பட்டறையில் வளர்ந்த காதும் கையும் அத்தோடு அருகின.

அந்த இழப்பின் அளவு 1983 பிப்ரவரி 12-இல் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் கப்பலாக இருந்து சரக்குக் கப்பலாக மாற்றப்பட்டு ஓடிய 'மரீன் எலக்ட்ரிக்' வர்ஜீனியாக் கடலில் நிலக்கரியோடு மூழ்க, 34 பேரில் 31 பேர் குளிர்ந்த நீரில் இறந்தனர். சரக்கறைகளை மூடும் இரும்பு மூடிகள் துருவேறி ஓட்டை விழுந்திருந்தும் அக்கப்பலுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. விசாரணைக் குழு, காவற்படையின் ஆய்வாளர்களையும், கப்பல்களைத் தரம் பிரித்துச் சான்றளிக்கும் தனியார் அமைப்பான வகைப்பாட்டுச் சங்கத்தின் அளவையாளர்களையும் ஒருசேரக் குறைகூறியது. தன் படையின் குறையை மறைக்காமல் எழுதிய அவ்வறிக்கை, இவ்வரலாற்றில் அரிதான நேர்மை கொண்டது. குளிர்நீரில் உயிர் காக்கும் உடைகள் கட்டாயமானதும், நீரில் குதித்து மீட்கும் நீச்சல் வீரர் பிரிவு உருவானதும், போர்க்காலப் பழங்கப்பல்கள் பல உடைப்புக்குச் சென்றதும் இதன் விளைவுகள்.

ஆயினும் ஆய்வுப் பொறுப்பின் பெரும்பகுதி அதற்குப் பின் வகைப்பாட்டுச் சங்கங்களை நோக்கியே நகர்ந்தது. 1990-களில் தோன்றிய மாற்று இணக்கத் திட்டத்தின்படி, சங்கத்தின் அளவையாளர் பார்த்த கப்பலை அரசு ஆய்வாளர் மீண்டும் முழுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் கப்பல் உரிமையாளர். 1838-இன் ஐந்து டாலர் ஏற்பாட்டை அறிந்த எவருக்கும் இதில் உள்ள சிக்கல் புதிதன்று, பெயரும் தொகையுமே வேறு. 2015 அக்டோபர் 1-இல் 'எல் ஃபாரோ' சூறாவளியில் சிக்கி 33 பேரோடு மூழ்கியபோது அக்கப்பல் இத்திட்டத்தின் கீழ்தான் இருந்தது. 1970-களில் கட்டப்பட்டது என்ற காரணத்தால் பழைய விதிகளின் சலுகை பெற்று, மேல்மூடியில்லாத உயிர்காப்புப் படகுகளையே அது சுமந்து சென்றது. விசாரணைகளுக்குப் பின் 2018-இல் இயற்றப்பட்ட சட்டம், தனியார் சங்கங்கள் செய்யும் ஆய்வுகளைக் காவற்படை நேரில் கண்காணிக்கவும், அதற்கென அனுபவமிக்க ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கவும் பணித்தது.